கோவில்பட்டி வேனில் முன்சீட்டு

எங்கள் வேனுக்கு ஒரு சட்டம் உண்டு. கால் முடியாதவர்களுக்கு டிரைவர் பக்கத்து சீட்டு. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ததில்லை. கல்லூரிப் பெண்கள் ஹாக்கி அணி வெளியூருக்கு ஆடப் போனால் அதன் பின்னாலேயே டெம்போ டிராவலர் பிடித்துக் கிளம்பிவிடும் பழைய மாணவர் கூட்டம் நாங்கள். முதல் பயணத்தின்போது என் தோழி முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீ இங்க ஏறு புள்ள, உன்ற காலு பின்னால மடங்காது" என்றாள். அன்றிலிருந்து அந்த சீட்டு எனக்கு. சேலமோ திருச்சியோ, நான் வருவதற்குள் வேறு யாராவது ஏறி உட்கார்ந்திருந்தால் டிரைவரே, "அது அக்கா சீட்டுங்க" என்று இறக்கிவிடுவார். காலை நீட்டிக்கொண்டு, முன்கண்ணாடி முழுக்க ரோடு தெரிய, மகாராணி மாதிரி போவேன். கல்லூரிக்கு ஆடியதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சன்மானம் அதுதான்.

இந்த வருஷம் கோவில்பட்டிக்குப் போகும்போது அந்தச் சட்டம் என்னையே இறக்கிவிட்டது.

அடிபட்டவள் எங்கள் சென்டர் பார்வர்ட். கிணத்துக்கடவுப் பெண், இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பந்தை வாங்கிச் சட்டென்று உடம்பைத் திருப்பி, கூட ஓடி வருகிறவளை வேறு பக்கம் ஓடவிடுவாள். அந்தத் திருப்பத்தைப் பார்ப்பதற்காகவே சாயங்காலம் ஆனால் மைதானத்துப் படிக்கட்டில் போய் உட்காருவோம். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். வேலை முடிந்தால் ஸ்கூட்டரில் நேராக மைதானம், அப்புறம்தான் வீடு. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில், பயிற்சியில், அதே திருப்பத்தில் அவளுடைய வலது முட்டி பிசகியது. டப்பென்று சத்தம் கேட்டதாகக் கீழ்ப்படியில் இருந்தவர்கள் சொன்னார்கள். மேல்படியில் இருந்த எனக்கும் கேட்டது. அது என் முட்டியின் பழைய சத்தமாகவும் இருக்கலாம்.

மறுநாளே படிக்கட்டு ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. எங்களில் ஒருவர் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். மருந்து விற்று விற்று டாக்டர் மாதிரியே பேச வந்துவிட்டது.

"ஏசிஎல்லுங்க" என்றார். "முட்டிக்குள்ள குறுக்கால போற ஜவ்வு. ஸ்கேன் நானே பாத்துப்போட்டேன். கிழிஞ்சிருக்குதுங்க. வீக்கம் வடியட்டும், டோர்னமென்ட் முடிஞ்சதும் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. ஒம்பது மாசத்துல ஓடிரும்."

"ஒம்பதா பத்துங்களா?" என்று கேட்டார் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். எங்கள் பயண ஏற்பாடெல்லாம் அவர் பொறுப்பு.

"அது பிசியோவைப் பொறுத்துங்க."

ஒன்பதா பத்தா என்று இருட்டும்வரை பேசினார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், தொடையிலிருந்து நரம்பு எடுத்து வைப்பார்களா வேறு எங்கிருந்தாவதா, அடுத்த சீசனுக்குள் பழைய வேகம் வருமா என்று ஒன்று விடாமல் பேசினார்கள். என் தோழி கண் கலங்கவே செய்தாள். நான் கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது பொறாமை. நல்ல பெயராக வேறொன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எனக்கு அடிபட்டது ஈரோட்டில், மண் மைதானத்தில். நான் ரைட் ஹாஃப் ஆடுவேன், என் தோழி கோல்கீப்பர். நான் விழுந்ததும் காலில் கட்டிய பேடோடு ஓடி வந்து, தோளில் சாய்த்து வெளியே கொண்டுபோனவள் அவள்தான். ஊருக்கு வந்ததும் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போனார்கள். முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். சுளுக்கு என்றார். கட்டைப் பிரித்தபோது வீக்கம் வடிந்திருந்தது, ஆனால் முட்டி ஒரு இடத்தில் நிற்கவில்லை. என் அப்பா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கல்யாணத்துக்குள்ள சரியாயிருமுங்களா?"

ஆகவில்லை. அதனால் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற அன்றைக்குக் காலையில் அம்மா என்னைச் சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடக்கவிட்டுப் பழக்கினாள். "காப்பித் தட்டோட வாரப்ப நொண்டாம நட அம்மணி. மெதுவா வந்தீன்னா அடக்கமான புள்ளைன்னு நெனச்சுக்குவாங்க." அப்படித்தான் நினைத்தார்கள். என் அடக்கத்தைப் பற்றிப் புகுந்த வீட்டில் இன்றைக்கும் பேச்சு உண்டு. கணவருக்கு ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கிணத்துக்கடவுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனோம். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. முட்டிக்குக் கீழே தலையணை வைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். "வாங்கக்கா" என்றாள் என் தோழியைப் பார்த்து. "வாங்க ஆண்ட்டி" என்றாள் என்னைப் பார்த்து. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தோழி தலைக்கு டை அடிப்பாள், நான் அடிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளுடைய அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே எங்கள் எதிரில் வந்து நின்றார். தோப்பு வேலையே கதி என்று இருக்கிற மனிதர், மகள் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம்.

"ஏனுங்க, மறுக்கா எப்பங்க விளையாடும்?" என்று கேட்டார்.

கல்யாணத்தைப் பற்றி ஏதாவது கேட்பாரென்று நானும் காத்திருந்தேன். கேட்கவே இல்லை. என் அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. அன்று அந்த வாசலில் உட்கார்ந்து அவரோடு மனசுக்குள் ஒரு சண்டை போட்டேன்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியவில்லை என்பதுதான் பெரிய தொல்லை. அகம்பாவம் இருந்தால் அதைச் சொல்லித் திட்டிக்கொள்ளலாம். அவளோ, தான் ஆடாவிட்டாலும் அணியோடு கோவில்பட்டிக்கு வந்தே தீருவேன், பெஞ்சில் உட்கார்ந்து கத்தவாவது செய்வேன் என்று அடம் பிடித்தாள். அணி ரயிலில் போகிறது. தூரத்து ஊருக்கு வழக்கம்போல நாங்களும் ரயிலில் போய் நேராக கோவில்பட்டியிலேயே இறங்கிவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. உடனே மேனேஜர், "அந்தப் புள்ளை ஸ்டேசன் பாலத்துல எப்புடிங்க ஏறும்? வேனுக்குச் சொல்லிப்போடலாமுங்க, நம்மகூடவே வரட்டும்" என்றார். பல்லடம் வழியாகப் போகவேண்டிய வேன், போகிற வழியில் அவளை ஏற்றிக்கொள்வதற்காகப் பொள்ளாச்சி ரோட்டுக்கு மாறியது. லாட்ஜுக்கு போன் போட்டு, கீழ்த்தளத்தில் ரூம் உண்டா என்று கேட்டார்கள். ஒன்றுதான் இருந்தது, அதை அவளுக்குச் சொல்லிவைத்தார்கள். நானும்தான் இத்தனை வருஷமாகப் பாலம் ஏறுகிறேன், லாட்ஜ் மாடி ஏறுகிறேன். இந்தக் கூட்டத்துக்குப் படிக்கட்டு என்று ஒன்று இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

"முன்சீட்டு அந்தப் புள்ளைக்கு" என்றார் மேனேஜர் கடைசியாக.

யாராவது என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால், "அதுக்கென்னங்க, தாராளமா உக்காரட்டும்" என்று சொல்லத் தயாராக இருந்தேன். பெருந்தன்மையான முகம்கூட வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

இன்னொரு திட்டமும் போட்டார்கள். அடிபடுவதற்கு முன்பே அணிப் பட்டியலில் அவள் பெயர் போய்விட்டது. அதனால் காலில் அடி என்பது வெளியே தெரியக்கூடாது. முட்டியில் மாட்டுகிற பட்டையை மறைத்து டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்காரட்டும். எந்த நேரத்தில் இறங்குவாளோ என்று எங்களை எதிர்த்து ஆடுகிற கோவில்பட்டி அணியின் டிபென்ஸ் பயந்துகொண்டே ஆடும். மெடிக்கல் ஷாப்காரர் ரொம்பக் கண்டிப்பாக இருந்தார். "ஊட்டுல கூடச் சொல்லக்கூடாதுங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சமாதிரி." எல்லோரும் தலையாட்டினோம்.

விடிவதற்கு முன் கிளம்பி, கிணத்துக்கடவில் அவளை ஏற்றிக்கொண்டோம். அவளுடைய அப்பா ஒரு குலை இளநீரையும் ஏற்றினார். சாப்பாட்டுப் பாத்திரம், தண்ணீர்க் கேன், பைகள் எல்லாம் சேர்ந்து கடைசி நீள சீட்டு நிறைந்துவிட்டது. எனக்கு மூன்றாவது வரிசை. எனக்கு முன்னால் இருந்த சீட்டின் முதுகு என் முட்டியில் இடித்தது. பழனி தாண்டுவதற்குள் மரத்துப்போயிற்று, ஒட்டன்சத்திரத்தில் வலிக்க ஆரம்பித்தது. தோழி எனக்கு முன்வரிசையில் இருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முன்பக்கம் எக்கி, "குசன் வேணுமா கண்ணு? ஐஸ் பேக் மாத்தட்டுமா?" என்று கேட்டபடி வந்தாள். அந்தப் பெண்ணின் பின்னலையே பார்த்துக்கொண்டு போனேன். திண்டுக்கல் வரை அந்தப் பின்னலில் ஒரு குறையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தேன். நேர்த்தியாகப் பின்னியிருந்தாள்.

கோவில்பட்டியில் லாட்ஜில் முகம் கழுவிக்கொண்டு மைதானத்துக்குப் போனபோது வாசலில் நல்ல கூட்டம். அந்த ஊரில் ஹாக்கி என்றால் கடையைச் சாத்திவிட்டு வருவார்கள். வேன் கதவைத் திறந்ததும் தோழி அந்தப் பெண்ணிடம் குனிந்து ரகசியமாகச் சொன்னாள்.

"அம்மணி, எல்லாரும் பாக்கறாங்க. கேட்டு வரைக்கும் கொஞ்சம் நொண்டாம நட."

அதே சொல். காப்பித் தட்டுதான் இல்லை.

அந்தப் பெண் சிரித்தாள். "வலிக்குதுங்கக்கா. நொண்டாம எப்புடிங்க நடக்கறது?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்து இறங்கி, ஊரே பார்க்க நொண்டிக்கொண்டு போனாள். அந்த நிமிஷம் எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டபோதுகூட இத்தனை கோபம் வரவில்லை. வலிக்குது என்ற அந்த ஒரு சொல்லை நான் யாரிடமும் அப்படிச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. அழுதுகொண்டும் சொன்னதில்லை. சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

திட்டம் கேட்டைத் தாண்டவில்லை. டீக்கடையில் நின்ற பெரியவர் ஒருவர் எங்கள் மெடிக்கல் ஷாப்காரரைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, உங்க சென்டர் பார்வர்டு பிள்ளைக்கு வலது மூட்டு ஜவ்வு போயிட்டாமே? ஆப்பரேசன் என்னைக்கு?" என்று கேட்டார். மேனேஜர் திகைத்துப்போய் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். மெடிக்கல் ஷாப்காரர் மட்டும் டீக்கடை பாய்லரைப் பார்த்தார். விஷயம் இதுதான். எங்களை வாயைத் திறக்கக்கூடாது என்று சொன்ன அதே மனிதர், அடிபட்ட இரண்டாம் நாளே அவளுடைய ஸ்கேன் படத்தை, சீக்கிரம் குணமாக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கும்பிடும் கைகளோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். அதைப் பார்த்த மருந்து கம்பெனிப் பையன்கள் வழியாக அது கோவில்பட்டி வந்து சேர்ந்துவிட்டது.

"பக்திலதானுங்க வெச்சேன்" என்றார் பாவமாக.

ரகசியம் உடைந்ததும் அந்த ஊர்க்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு வைத்தியம், ஆளுக்கொரு டாக்டர் பெயர், கையில் கடலை மிட்டாய். எதிரணி ரசிகர்கள்! அவளுக்கு நாற்காலி போட்டுக் கால் வைக்க ஒரு ஸ்டூலும் கொண்டுவந்தார்கள். நான் அந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையின் புண்ணியத்தில் என் கால் அன்று நன்றாகவே இழுத்தது. ஒரு அம்மாள் என்னை நிறுத்தி, "நீங்க அந்தப் பிள்ளைக்கு அம்மாவா?" என்று கேட்டாள்.

"இல்லையே, ஏன்?"

"நடை ஒண்ணுபோல இருக்கு, அதான் கேட்டேன்."

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு கோலில் தோற்றோம். அவள் இருந்திருந்தால் என்று மேனேஜர் சாப்பிடும்போது பத்து தடவையாவது சொல்லியிருப்பார். புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே நானும் ஆமாம் ஆமாம் என்றேன். அது உண்மைதான். அவள் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம். நான் அடிபட்டு வெளியே போன ஈரோடு ஆட்டத்தில் மற்றவர்கள் பத்துப் பேராகவே ஜெயித்துவிட்டு வந்தார்கள். அதற்கும் அன்று நான் கை தட்டினேன்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பினோம். லாட்ஜ் மாடியிலிருந்து இறங்கும்போது முட்டி மடங்கவே மறுத்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்கினேன். மற்றவர்கள் என்னைத் தாண்டி, "மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டுப் பைகளோடு போய்விட்டார்கள். கீழ்த்தளத்து ரூம் வாசலில் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். நான் கடைசிப் படி இறங்கும்வரை அங்கேயே நின்றாள்.

வேனுக்குப் பக்கத்தில் வந்ததும் முன்கதவைத் திறந்து, "ஆண்ட்டி, நீங்க முன்னால ஏறுங்க. பின்சீட்டுல பாத்திரமெல்லாம் காலியாயிருச்சு, நான் அதுல காலை நீட்டிப் படுத்துக்கறேன்" என்றாள்.

"வேண்டாம் கண்ணு, பின்னால தூக்கிப்போடும்" என்றாள் என் தோழி. "நீயே உக்காரு. அவளுக்கு அதெல்லாம் பழகிப்போச்சு."

"பழகலை" என்றேன்.

தோழி திரும்பிப் பார்த்தாள். "என்ன புள்ள?"

"பழகலைன்னு சொன்னேன். வலிக்குது. ஈரோட்டுல இருந்து வலிச்சிக்கிட்டுத்தான் இருக்குது."

மேனேஜர் பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். டிரைவர் ரேடியோவை அணைத்தார். என் குரல் சத்தமாக வந்திருக்க வேண்டும். தோழியின் முகம் மாறியது. பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தாள், குனிந்து என் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னைத் தோளில் தாங்கிக்கொண்டு ஒரு மைதானம் முழுக்க நடந்தவள்.

"எந்தக் காலு புள்ள?" என்றாள்.

"இடது காலுங்கக்கா" என்றாள் அந்தப் பெண்.

நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து இடது காலை நீட்டிக்கொண்டேன். பின்னால் அவளுக்கு மறுபடியும் குசன் வைத்தார்கள், ஐஸ் வைத்தார்கள், தூக்கிப்போடுகிறதா என்று கேட்டபடி வந்தார்கள். எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் கிணத்துக்கடவு வரும்வரை, நீ வந்து உட்கார்ந்துகொள் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.